வாழ்நாள் ஊனத்துக்கு வாழ்நாள் உதவித்தொகை: மியன்மாரில் விடை கிடைக்காத கேள்வி

யங்கோன் நகரின் மேற்கே லையிங் தாயா தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒருவர் இயந்திரத்தில் சிக்கித் தமது கையை இழந்தால், மியன்மாரின் 2012ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் அவரை நிரந்தர ஊனமுற்றவராக ஏற்று, இழந்த ஊதியத்தின் ஒரு பகுதியை ஈடு செய்ய வழிவகுக்கிறது. அவர் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்யப்பட்ட தொழிலாளியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதே பகுதியில் பார்வையின்றிப் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. அவர் ஊதியம் எதையும் இழக்கவில்லை என்பதே சட்டத்தின் தர்க்கம்.

வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஊனமுடையோருக்கு நிரந்தர உதவித்தொகை வழங்க வேண்டுமா என்ற விவாதம் பல நாடுகளில் நடந்துவருகிறது. மியன்மாரில் அந்தக் கேள்வி இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறது. அங்கு ஊனம் என்பது விபத்தில் நேர்ந்த இழப்பாகவே நீண்டகாலம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்து வந்துள்ளது.

இந்தப் பார்வை பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்து வருவது. பர்மா, இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தபோது இயற்றப்பட்ட 1923ஆம் ஆண்டு தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், நாடு விடுதலை பெற்ற பின்னரும் அதன் சட்டத் தொகுப்பில் நீடித்தது. ரங்கூன் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைத்த ஆயிரக்கணக்கான தமிழ், தெலுங்குக் கூலித் தொழிலாளர்களின் காலத்துச் சட்டம் அது. அதன் அட்டவணை மனித உடலுக்கு விலை குறித்தது. வலது கை முழங்கைக்கு மேலே போனால் உழைப்புத் திறனில் 70 சதவீத இழப்பு, இடது கை என்றால் 60 சதவீதம், ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25. பிறவி ஊனத்துக்கு அந்தப் பட்டியலில் வரி ஏதும் கிடையாது.

பிறவி ஊனமுற்றோர் குடும்பத்தின் பொறுப்பாகவும் அறக்கொடையாளர்களின் பொறுப்பாகவும் விடப்பட்டனர். கெமென்டைன் பகுதியில் பார்வையற்ற பாதிரியார் வில்லியம் ஹென்றி ஜாக்சன் நடத்திய பார்வையற்றோர் பள்ளியும், 1920இல் தொடங்கப்பட்ட மேரி சாப்மன் காதுகேளாதோர் பள்ளியும் அந்த மரபில் வந்தவை. அவை கல்வி தந்தன. பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு மாதந்தோறும் கையில் வர வேண்டிய பணத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

அரசியல் சட்டமும் உரிமைச் சட்டமும்

2008ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 32ஆவது பிரிவில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. தாய்மார், குழந்தைகள், முதியோர் ஆகியோருடன் மாற்றுத்திறனாளிகளையும் அரசு பராமரிக்கும் என்று அது பொதுவாகச் சொல்கிறது. ஆனால் ஊனமுற்ற முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் கண்ணியமான வாழ்க்கையும் இலவசத் தொழிற்பயிற்சியும் உறுதி செய்யப்படும் என்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் யார் என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பளிக்காது.

மாற்றுத்திறனாளிகள் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கையில் மியன்மார் 2011 டிசம்பரில் இணைந்தது. போதுமான வாழ்க்கைத் தரமும் சமூகப் பாதுகாப்பும் உரிமை என்கிறது அதன் 28ஆவது பிரிவு. 2014இல் தேசிய சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று வெளியிடப்பட்டது. அதில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்த உதவித்தொகையும் இடம்பெற்றது. 2015இல் உரிமைச் சட்டமும், 2017இல் அதற்கான விதிகளும் வந்தன. ஆனால் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றும் வரை, அந்த உதவித்தொகை நாடு தழுவிய அளவில் நடைமுறைக்கு வரவில்லை.

பயன் பெற வேண்டியோர் எத்தனை பேர் என்பதே கேட்கும் கேள்வியைப் பொறுத்து மாறியது. 2014ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4.6 சதவீதம், அதாவது சுமார் 23 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவாயினர். கேள்விகளை விரிவாக்கிய 2019ஆம் ஆண்டு ஆய்வில் அது 12.8 சதவீதம் ஆனது. கண்ணிவெடிகள் இந்த எண்ணிக்கையைக் கூட்டிவருகின்றன. 2023இல் கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் மியன்மாரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காயமடைந்தனர். அந்த ஆண்டில் உலகிலேயே மிக அதிகமான எண்ணிக்கை அது.

மறுபரிசோதனை யாருக்காக?

நிரந்தர உதவித்தொகையை எதிர்ப்போர் சொல்லும் காரணங்கள் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. கண்புரை போன்றவை சிகிச்சையால் நீங்கக்கூடியவை; போலிச் சான்றிதழ்கள் பெருகலாம்; இளைஞர் ஒருவரை உழைக்க இயலாதவர் என ஆயுள் முழுவதற்கும் முத்திரை குத்துவதாகவும் அமையலாம். இந்தக் கடைசி ஆட்சேபம் மாற்றுத்திறனாளிகள் மத்தியிலேயே எழுவதுண்டு.

பிரிட்டனின் அனுபவம் இங்கு உதவும். அங்கு வாழ்நாளுக்கு என வழங்கப்பட்டிருந்த ஊனமுற்றோர் உதவித்தொகைகள், 2013இல் புதிய திட்டம் வந்தபோது மீண்டும் பரிசோதனைக்கு உள்ளாயின. மாறவே வாய்ப்பில்லாத நிலையில் இருப்போரைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதில் பொருளில்லை என்பது பின்னர் உணரப்பட்டது. கடுமையான நிலையில் இருப்போருக்குப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எளிமையான பரிசீலனை போதும் என 2018இல் முடிவாயிற்று.

வளமான நாட்டில் மறுபரிசோதனை என்பது மன உளைச்சல். யங்கோனில் அது வண்டிக் கூலி, உடன் வருபவர் இழக்கும் ஒரு நாள் ஊதியம், மருத்துவமனை வரிசை, அடையாள ஆவணம் என்று நீள்கிறது. 2014 கணக்கெடுப்பின்படி பத்து வயதுக்கு மேற்பட்டோரில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானோரிடம் அடையாள ஆவணம் எதுவும் இல்லை. 1982ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் கீழ் முழுக் குடியுரிமை பெறாத இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒவ்வொரு மறுபரிசோதனையும் ஏமாற்றுக்காரரை வடிகட்டுவதற்கு முன்பாக ஏழையை வடிகட்டிவிடும் என்பதே இங்குள்ள அபாயம். ஆகவே மாறாத ஊனத்துக்கு ஒரே முறை சான்றளித்து, மாறக்கூடியவற்றுக்கு மட்டும் காலக்கெடு விதிப்பதே நியாயமாகத் தோன்றுகிறது.

உதவித்தொகை எதற்காக என்பதும் தெளிவாக வேண்டும். உழைக்காதிருப்பதற்கான ஈடு அது என்றால், யங்கோனில் உடற்பிடிப்புத் தொழில் செய்து பிழைக்கும் பார்வையற்றவர் சம்பாதிக்கத் தொடங்கிய அன்றே அதை இழப்பார். ஊனத்தால் ஏற்படும் கூடுதல் செலவுக்கானது என்று கொண்டால் அவர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். அண்டை நாடான தாய்லாந்து இதற்கு நெருக்கமான வழியில் சென்றது. பதிவு செய்த மாற்றுத்திறனாளிகளுக்கு 2010 முதல் வருமானம் பாராமல் மாதம் 500 பாட் வழங்கப்பட்டது. 2015இல் அது 800 பாட் ஆனது.

தொகை உயராவிட்டால் நிரந்தரம் என்ற சொல்லுக்குப் பொருள் குறைந்துவிடும். இந்தியாவில் 80 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுடைய ஏழைகளுக்கான ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு, 2012க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் 300 ரூபாயிலேயே நின்றது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் சொந்த நிதியிலிருந்து அதைவிடப் பல மடங்கு தருவதால் அங்கு பாதிப்பு குறைந்தது. மியன்மாரில் அவ்வாறு தாங்கிப் பிடிக்கும் மாநில அரசுகள் இல்லை. மிக முதியோருக்கென அங்கு 2017இல் தொடங்கிய சமூக ஓய்வூதியம் மாதம் 10,000 கியாட். அப்போது அது சுமார் ஏழு டாலர். 2024இல் ஒரு டாலரின் வெளிச்சந்தை விலை 4,000 கியாட்டைத் தாண்டியபோது, அதே பத்தாயிரத்தின் மதிப்பு இரண்டரை டாலரைக்கூட எட்டவில்லை.