உறங்குபவருக்குத் தெரியாத நோய்

குறட்டை விடுபவரைக் 'கும்பகர்ணன்' என்று கேலி செய்வது நம் வீடுகளில் வழக்கம். மனிதர் ஆழ்ந்து தூங்குகிறார் என்றே எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகுக்கே வெகுகாலம் ஆனது.

1956ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் பர்வெல்லும் அவருடைய சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். பருத்த உடல், நல்ல உத்தியோகம். வாரந்தோறும் போக்கர் சீட்டாடுவார். ஒருநாள் கையில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா. லேசில் கிடைக்கிற சீட்டா அது? மனிதர் அப்படியே தூங்கிவிட்டார்! பந்தயம் போயிற்று. சில நாளில் மருத்துவமனையில் சேர்ந்தார். டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் ஜோ என்றொரு குண்டுப் பையன் எந்நேரமும் தூங்கி வழிவான். நாவலின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். பருமனால் மூச்சு குறைந்து, இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதுதான் தூக்கத்துக்குக் காரணம் என்றார்கள். நோயின் வேர் இரவு உறக்கத்தில் இருக்கலாம் என்பது அந்த விளக்கத்தில் இல்லை.

1965இல் பிரான்சில் காஸ்டோ குழுவினரும் ஜெர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் இத்தகைய நோயாளிகள் உறங்கும்போது மூளை மின்னலைகளையும் மூச்சையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். மூச்சு நின்று நின்று வந்தது! உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர, காற்றுவழி அடைபடுகிறது. மூச்சு முட்டியதும் மூளை ஒரு கணம் விழித்து உடம்பை உலுக்குகிறது. கடுமையான நோயில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான முறை. காலையில் அவருக்கு எதுவும் நினைவிராது. பிறகு எப்படி மருத்துவரிடம் சொல்வார்?

முற்றிய நோய்க்குத் தொண்டையில் துளையிடுவதே அன்றைய வைத்தியம். 1981இல்தான் சிட்னியில் காலின் சல்லிவன், மூக்கில் பொருத்தும் கவசம் வழியே காற்றைச் செலுத்தி வழியைத் திறந்து வைக்கும் முறையை அறிவித்தார்.

நம் ஊருக்கு வருவோம். கிளமெண்டிவாசி ஒருவருக்குச் சந்தேகம் என்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம். அங்கிருந்து கென்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். தலை, கண்ணோரம், தாடை எங்கும் கம்பிகள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகள். மூக்கில் குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப். இத்தனையோடு எப்படித் தூங்குவது என்பீர்கள். பெரும்பாலோர் தூங்கிவிடுகிறார்கள்! 10 வினாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும் குறைவதையும் எண்ணுவார்கள். மணிக்கு 5 முறைக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 30ஐத் தொட்டால் கடுமை. சிலருக்கு வீட்டிலேயே சிறு கருவி போதும்.

சிங்கப்பூரில் 1998இல் வெளியான ஓர் ஆய்வில் சீனர்களைவிட இந்தியர்களிடம் குறட்டை அதிகம் காணப்பட்டது. 2016இல் வெளியான இன்னோர் ஆய்வில் பத்தில் மூவருக்கு இந்நோய் மிதமாகவோ கடுமையாகவோ இருந்தது. நோயுள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதற்குமுன் அது தெரியவே தெரியாது. அப்படி ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு ஆயர் ராஜா விரைவுச்சாலையில் காரோட்டினால் என்னாவது?

ஒல்லியானவர்களுக்கும் இது வரும். மருத்துவரிடம் போகும்போது கணவரையோ மனைவியையோ கூடவே அழைத்துச் செல்லுங்கள். இரவில் மூச்சு நிற்கிறதா என்று மருத்துவர் கேட்பார். பதில் அவரிடம்தான் இருக்கும்.