பிடித்த செல்லை விடுவிப்பது எப்படி?

ரத்தம் காந்தத்துக்கு வசப்படும் என்று 1936-இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் காட்டினார்கள். ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபினைக் காந்தம் லேசாக ஈர்க்கிறது. ஆக்ஸிஜன் ஏறியதும் விலக்குகிறது. 1975-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இந்த நூலிழை வேறுபாட்டைக் கொண்டே சிவப்பணுக்களைப் பிரித்துக்காட்டினார்கள். மற்ற செல்களிடம் இந்தப் பாச்சா பலிக்காது. அவற்றின் மேல் காந்தத்தை ஒட்டித்தான் ஆக வேண்டும்.

ஒட்டுவதற்கான மணிகளைத் தந்தவர் நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்ம் நகரத்து வேதியியலாளர் ஜான் உகல்ஸ்டாட். சில மைக்ரான் அளவில், துளியும் அளவு பிசகாத பிளாஸ்டிக் மணிகளைச் செய்ய எடையற்ற விண்வெளிதான் வேண்டும் என்று நம்பப்பட்ட காலம் அது. அமெரிக்கர்கள் விண்ணோடத்திலேயே செய்து பார்த்தார்கள். உகல்ஸ்டாட் எழுபதுகளிலேயே தரையில் செய்து முடித்திருந்தார். பிறகு மணிக்குள் இரும்பு ஆக்ஸைடைப் புகுத்தினார். மேலே, குறிப்பிட்ட செல்லை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைப் பூசினார்கள்.

1984-இல் லண்டன் மருத்துவர்கள், நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் கண்ட குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து புற்றுச்செல்களை இம்மணிகளால் அகற்றியதை வெளியிட்டார்கள். மணியில் சிக்கியது குப்பைக்குப் போனது. மிஞ்சிய மஜ்ஜைதான் தேவை.

சிக்கியதே தேவை என்றானபோதுதான் தலைவலி. ரத்த ஸ்டெம் செல்களை அவற்றின் மேலுள்ள சிடி34 என்ற புரதத்தை வைத்துப் பிடித்தார்கள். காந்தத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. ஆன்டிபாடி பிடி விடாது. கைகொடுத்தது பப்பாளிப்பால். கறி மெத்தென வேக நம் அடுக்களையில் பப்பாளிக்காய் போடுவோமே, அந்தப் பாலிலுள்ள கைமோபப்பைன் என்சைம் சிடி34-ஐ நறுக்கிச் செல்லை விடுவித்தது. கூடவே வேறு புரதங்களையும் கடித்தது! ஆன்டிபாடியைக் கழற்ற இன்னொரு ஆன்டிபாடி என்ற வழியும் வந்தது. ஜெர்மனியில் ஸ்டெஃபான் மில்டெனி 1990-இல் வேறு பாதை காட்டினார்: மணியை நானோ அளவுக்குச் சுருக்கிவிட்டால் அது செல்லின் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும். சாமர்த்தியம்தான், ஆனால் கழற்றும் சிக்கலை அவர் தீர்க்கவில்லை, தாண்டிப் போனார்.

எதையும் கலக்காமல் கழற்ற ஒலியை நாடுவது இந்த வரிசையில் பிந்தியது. ஒலிக்குத் துகளை நகர்த்தும் வலு உண்டென்பது பழைய செய்தி: 1866-இல் ஆகஸ்ட் குண்ட் கண்ணாடிக் குழாயில் ஒலியெழுப்ப, உள்ளிருந்த தூள் சீரான இடைவெளியில் குவிந்தது. திரவத்திலும், காதுக்கு எட்டாத மீயொலி அலை மணியையும் செல்லையும் வெவ்வேறு விதமாக உந்தும். அந்த இழுபறியில் பிடி தளரலாம். அளவு மீறினால் நுண்குமிழ்கள் தோன்றி நொறுங்கிச் செல்லைக் கிழித்துவிடும். செல்லை உடைப்பதற்கென்றே ஆய்வகங்கள் பயன்படுத்துவதும் இதே மீயொலியைத்தான். செல்கள் அரிதாக இருந்தால் இந்த ஆபத்து இன்னும் பெரிது: முற்றிய மார்பகப் புற்றுநோயில் 7.5 மில்லி ரத்தத்தில் 5 புற்றுச்செல்கள் இருந்தாலே மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். அவற்றை உயிரோடு எடுத்து ஆராய நினைப்பவருக்கு, கழற்றும்போது இரண்டு செல் செத்தாலும் பெரிய நஷ்டம்.