மழையில் நின்று கிண்ணம் வாங்கியவர்

முரளிதரன் 2010 யூலையில் காலி மைதானத்தில் விடைபெற்றது நம்மில் பலருக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இதுதான் கடைசி டெஸ்ட் என்று முதலே சொல்லிவிட்டு, 792 விக்கெட்டோடு இறங்கி, சரியாக 800 இல் முடித்தார். போகும் நாளைத் தானே குறித்துக்கொண்டு போனவர். இன்று அப்படி இன்னொருவரைப் பற்றியும், அந்த நாள் கிடைக்காமலே போன ஒருவரைப் பற்றியும் எழுதுகிறோம். இருவரும் ஒரே நாட்டுக்காரர், ஒரே காலத்தவர்.

விளையாட்டு கொல்ப். நமது பக்கம் யாரும் ஆடுவதில்லை. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது பஸ் ஜன்னலால் பார்த்த புல்வெளிதான் நாம் அறிந்த கொல்ப். சின்னப் பந்தை மட்டையால் அடித்து 18 குழிகளில் விழுத்த வேண்டும், குறைந்த அடியில் முடித்தவர் வென்றவர். ஓட்டம் இல்லாத ஆட்டம் என்பதால் வயது போனாலும் ஆடலாம். அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியை ஒருமுறை வென்றவர் ஆயுள் முழுக்க அதற்கு வரலாம். 2005 இல் பில்லி காஸ்பர் என்ற பழைய வீரர் 73 வயதில் வந்து, 72 அடியில் முடிக்க வேண்டியதை 106 அடியில் முடித்தார். கணக்குத் தாளையும் கொடுக்காமல் போய்விட்டார். எப்போது நிறுத்துவது என்பது அங்கே அவரவர் மனம்.

தென்னாபிரிக்காவின் கேரி பிளேயர் 2009 இல் நிறுத்தினார். அவருக்கும் அப்போது 73 வயது. மாஸ்டர்ஸில் அது அவருக்கு 52 ஆவது முறை, மூன்று தடவை அதை வென்றவர். கடைசிக் குழியில் புல்லில் மண்டியிட்டார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. எந்த வீரனும் ஆசைப்படும் முடிவு.

மற்றவர் பாப்வா செவ்கோலும். டேர்பன் நகரத்து இந்திய வம்சாவளி ஏழைப் பிள்ளை. நமது மலையகத்துக்குப் போல அங்கேயும் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். 1860 இல் போன முதற் கப்பல் ட்ரூரோ புறப்பட்டதே சென்னையிலிருந்துதான். பாப்வா வெள்ளைக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து பிழைத்தவர். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை, ஆட்டம் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. அதனால் மட்டையைத் தலைகீழாகப் பிடித்தார்: வலக்கைக்காரருக்குக் கீழே இருக்க வேண்டிய வலக்கை இவருக்கு மேலே. இன்று ஒரு பயிற்சியாளரிடம் போயிருந்தால் முதல் நாளே திருத்தியிருப்பார்கள்! அந்தப் பிடியோடுதான் 1959, 1960, 1964 என மூன்று முறை நெதர்லாந்து ஓபன் போட்டியை வென்றார். முதல் தடவை அவரை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனவர் கிரஹாம் வுல்ஃப், நம் வீட்டுப் பெண்கள் அறிந்த ஓலே கிறீமை உருவாக்கியவர்.

1963 இல் டேர்பனிலேயே நேட்டால் ஓபன் போட்டியை வென்றார். மழை பிடித்துக்கொண்டது. வெள்ளையர் கழகக் கட்டடத்துக்குள் இருக்க, நிறவெறிச் சட்டப்படி உள்ளே போகக்கூடாத வெற்றியாளர் வெளியே நனைந்தபடி கிண்ணத்தை வாங்கினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 1965 இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அடுத்த ஆண்டே வெள்ளையரோடு ஆட அவருக்குத் தடை வந்தது, கடவுச்சீட்டும் போனது. தோற்று நிறுத்தவில்லை, வயது போய் நிறுத்தவில்லை. நல்ல ஆட்டத்தில் இருக்கும்போதே நிறுத்தப்பட்டார். 1978 இல் ஐம்பது வயதைக்கூடத் தொடாமல் வறுமையில் இறந்தார்.

பிளேயரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1966 இல் வெளிவந்த தன் புத்தகத்தில் நிறவெறி ஆட்சியை ஆதரித்து எழுதியவர் அவர். பிறகு மனம் மாறினார். 1971 இல் லீ எல்டர் என்ற கறுப்பின வீரரைத் தன் நாட்டுக்கு ஆட அழைத்தார். 1975 இல் மாஸ்டர்ஸில் ஆடிய முதற் கறுப்பினத்தவர் அந்த எல்டர்தான். 2021 இல் அதே மைதானம் பிளேயரோடு சேர்த்து அவரையும் ஆரம்ப அடிக்கு அழைத்தது. உடல் இயலாமல் கதிரையில் இருந்தபடி மரியாதையை ஏற்றார். சில மாதங்களில் காலமானார். எல்டருக்குப் பிந்தியாவது அது கிடைத்தது. பாப்வாவுக்கு அதுவும் இல்லை.

நமது மாவட்டத்தில் இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் கையில் அகப்பட்டதோடு கரை ஏறியவர்களும், 2008 இல் வெள்ளாங்குளத்தை விட்டுக் கிழக்கே நடந்தவர்களும் போகும் நாளைத் தாங்கள் குறிக்கவில்லை. வயலையும் வள்ளத்தையும் மகன் கையில் கொடுத்துவிட்டு இனிப் போதும் என்று உட்காரும் நாள் அந்தத் தலைமுறையில் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

டேர்பனில் இன்று பொது மைதானம் ஒன்றுக்குப் பாப்வா செவ்கோலும் என்று பெயர். எந்த நிறத்தவரும் உள்ளே போய் ஆடலாம்.