ஆர்கேட் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை: பட்டன் அமைப்பும் வயரிங் திட்டமும்

காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் பெட்டிகளில் ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பொருத்தப்பட்டிருக்கும் மேற்பரப்பே கட்டுப்பாட்டுப் பலகை. இத்தகைய பெட்டியை வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் உள்ளே ஒரு கணினியையோ, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியையோ வைக்கிறார்கள். பட்டன்களுக்கும் அந்தக் கணினிக்கும் நடுவே ஓடும் வயரிங்கைப் பலகையில் துளை போடுவதற்கு முன்பே திட்டமிட்டுவிட வேண்டும். எத்தனை சுவிட்ச், எது எந்த முனைக்கு, எந்த நிற வயர் என்பதை அட்டவணையாக எழுதிவைத்தால் வேலையும் விரைவாக முடியும், பின்னாளில் பழுது பார்ப்பதும் எளிதாகும்.

வரலாறு

ஆரம்ப கால ஆர்கேட் பெட்டிகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் இணைப்பு முறை வேறுபட்டது. 1985இல் ஜப்பானில் உருவான ஜாமா தரம், மின்சாரம், படம், ஒலி, கட்டுப்பாடு ஆகியவற்றை 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பில் அடக்கியது. அதில் ஓர் ஆட்டக்காரருக்கு மூன்று பட்டன்களுக்கே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கேப்காம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) மூன்று குத்து, மூன்று உதை என ஆறு பட்டன்களைக் கேட்டதால், உதைப் பட்டன்களுக்கு மட்டும் தனி வயர்க் கற்றை சேர்க்க நேர்ந்தது. 1997இல் நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட மேம் என்ற மென்பொருள் பழைய ஆட்டங்களைச் சாதாரணக் கணினியில் இயக்க வழிசெய்தது. வீட்டில் பெட்டி செய்யும் ஆர்வம் அதன்பின் பரவியது.

உள்ளீடுகளின் கணக்கு

எந்த ஆட்டங்களை விளையாடப் போகிறோம் என்பதிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. பேக்-மேன் (1980), டாங்கி காங் (1981) ஆகியவை நான்கு திசை ஜாய்ஸ்டிக்குக்காக உருவானவை. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் கை சற்றே மூலைப்பக்கம் சாய்ந்தாலும் அவற்றில் திருப்பம் தவறிவிடும். ஆகவே திசையைக் கட்டுப்படுத்தும் தடுப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய ஜாய்ஸ்டிக் ஏற்றது. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கிலும் சுவிட்சுகள் நான்குதான். அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து அழுந்தும்போது மூலைத் திசை கிடைக்கிறது. சென்டிபீட் போன்ற உருட்டுப் பந்து ஆட்டங்களுக்குச் சுவிட்ச் போதாது. மவுஸ் போல அசைவை அளக்கும் தனிச் சுற்று வேண்டும்.

ஆறு பட்டன் அமைப்பில் ஓர் ஆட்டக்காரருக்குத் திசைகள் 4, பட்டன்கள் 6, தொடக்கம் 1, காசு 1 என 12 உள்ளீடுகள் தேவை. இருவருக்கு 24. வெளியேறவும் இடைநிறுத்தவும் ஒவ்வொரு பட்டன் சேர்த்தால் 26 ஆகும்.

சுவிட்சும் பொதுக் கிரவுண்டும்

அமெரிக்க பாணிப் பட்டன்கள் சுமார் 28 மி.மீ. துளையில் அமர்ந்து மரையால் இறுகுபவை. தடித்த மரப்பலகைக்குப் பொருத்தமானவை. ஜப்பானிய பாணிப் பட்டன்களுக்கு 30 மி.மீ. துளையும், தொடக்கப் பட்டன் போன்ற சிறியவற்றுக்கு 24 மி.மீ. துளையும் வேண்டும். இவற்றில் அழுத்திப் பொருத்தும் வகை மெல்லிய தகட்டுக்கானது. தடித்த மரத்தில் பிடிக்காது.

மைக்ரோ சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கும்: பொது முனை, அழுத்தினால் இணையும் முனை, அழுத்தினால் துண்டிக்கப்படும் முனை. முதல் இரண்டு மட்டும் இங்கே பயன்படும். எல்லாச் சுவிட்சுகளின் பொது முனைகளையும் ஒரே வயரில் அடுத்தடுத்துக் கோத்துக் கிரவுண்டில் இணைக்கலாம். மற்ற முனையிலிருந்து சுவிட்சுக்கு ஒரு வயர் வீதம் என்கோடர் பலகைக்குச் செல்லும். கிரவுண்ட் வயரின் இரு நுனிகளையும் என்கோடரில் சேர்த்து வளையமாக்கிவிட்டால், நடுவில் ஓரிடம் அறுந்தாலும் எந்தப் பட்டனும் செயலிழக்காது.

என்கோடர் பலகை

அழுத்தத்தைக் கணினிக்குப் புரியும் விசையாக மாற்றுவது என்கோடர். பழைய கீபோர்டைப் பிரித்துப் பயன்படுத்துவது மலிவான வழி. ஆனால் பெரும்பாலான கீபோர்டுகளில் சுவிட்சுகள் குறுக்கு நெடுக்கான வலையாக இணைந்திருப்பதால், ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நான்காவதும் அழுந்தியதாகத் தோன்றலாம். இருவர் ஒரே நேரத்தில் ஆடும் பெட்டிக்கு இது பெருங்குறை. ஐ-பேக் போன்ற பலகைகளில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி முனை உண்டு. என்கோடராகப் பயன்படுத்தக்கூடிய ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு பலகையில் வெளியே கிடைக்கும் 26 முனைகள் மேற்சொன்ன கணக்குக்குச் சரியாகப் போதும்.

மேம் மென்பொருளில் முதல் ஆட்டக்காரரின் முதல் மூன்று பட்டன்கள் இடது கன்ட்ரோல், இடது ஆல்ட், ஸ்பேஸ் விசைகளாகவும், நான்காவது இடது ஷிஃப்ட்டாகவும் முன்னமைக்கப்பட்டுள்ளன. விண்டோஸில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் அறிவிப்பு ஆட்டத்தின் நடுவே குறுக்கிடும். அந்த வசதியை முதலிலேயே அணைத்துவிட வேண்டும்.

வயரும் பொருத்துதலும்

சிக்னல் வயரில் பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது. பல இழைகள் கொண்ட மெல்லிய வயரே போதும். கிரவுண்டுக்குக் கறுப்பு, இரு ஆட்டக்காரர்களுக்கும் வெவ்வேறு நிறம் என வகுத்துக்கொண்டு, நுனிகளில் எண் ஒட்டுவது நல்லது. சால்டர் செய்வதைவிடச் செருகிக் கழற்றும் லக் போட்டால் சுவிட்சை மாற்றுவது எளிது. அமெரிக்க பாணிச் சுவிட்சுக்கு வழக்கமாக 4.8 மி.மீ., ஜப்பானிய பட்டனுக்கு 2.8 மி.மீ. அகல லக் பொருந்தும். பலகையைத் திறந்து சாய்க்கும் அளவுக்கு வயரில் தளர்வு விட வேண்டும்.

சோதனையும் பாதுகாப்பும்

யூஎஸ்பி கேபிளைச் செருகும் முன் மல்டிமீட்டரால் ஒவ்வோர் இணைப்பையும் சரிபார்க்கலாம். ஒரு பட்டன் அழுத்தாமலே அழுந்தியதாகக் காட்டினால் லக் துண்டிப்பு முனையில் செருகப்பட்டிருக்கக்கூடும். கிரவுண்டை வளையமாக்காத பலகையில் ஓர் இடத்துக்கு அப்பாலுள்ள பட்டன்கள் அனைத்தும் செயலிழந்தால் கிரவுண்ட் அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஒன்றை அழுத்த இரண்டு வேலை செய்தால் சிக்னல் வயர்கள் ஒன்றையொன்று தொடுகின்றன.

பட்டன் விளக்குகளின் 5 அல்லது 12 வோல்ட் வயர் சிக்னல் முனையைத் தொட்டால் என்கோடர் கருகிவிடக்கூடும். அதற்குத் தனிப் பாதை தேவை. மெயின்ஸ் மின்சாரம் வரும் பகுதியை மூடி, உலோகப் பாகங்களுக்கு எர்த் கொடுக்க வேண்டும். பழைய படக்குழாய் மானிட்டர், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது.