பிராக் நகரில் காணத்தக்கவை எவை?

பழம்பெரும் தலைநகரங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அரண்மனையின் உயரத்தையும் ஆலயக் கோபுரத்தின் வேலைப்பாட்டையும் கண்டு வியந்து மீள்கின்றனர். அவற்றை வியத்தல் தவறன்று. ஆயின், அக்கோபுரங்களின் நிழலில் வாழ்ந்த மக்கள் எவற்றை எண்ணினர், எதன் பொருட்டு வருந்தினர், எவ்வாறு மீண்டும் எழுந்தனர் என்பவற்றை அறியாது திரும்புவோர் கல்லைக் கண்டாரேயன்றி நகரத்தைக் கண்டாரல்லர் என்பதே நம் கருத்து. இதனை விளக்கச் செக் நாட்டின் தலைநகராகிய பிராக்கைக் காட்டிலும் தக்க சான்று ஐரோப்பாவில் அரிது.

வல்டாவா ஆறு அந்நகரை இரண்டாகப் பிரிக்கின்றது. மேற்குக் கரைக் குன்றின்மீது கோட்டையும், 1344-ல் தொடங்கி 1929-ல் முடிவுற்ற வீட்டஸ் பேராலயமும் நிற்கின்றன. கிழக்குக் கரையில் வணிகரும் தொழிலாளரும் மாணவரும் வாழ்ந்த பழைய நகரம் உள்ளது. இவ்விரண்டையும் இணைப்பது, பேரரசர் நான்காம் சார்லஸ் காலத்தில் 1357-ல் தொடங்கப்பெற்ற கற்பாலம். 16 வளைவுகளும் 516 மீட்டர் நீளமும் உடைய இதுவே 1841 வரை அந்நகருக்கு இருந்த ஒரே பாலம். கோட்டை ஆள்வோரின் கரை. பழைய நகரம் குடிகளின் கரை. பிராக்கின் சரித்திரம் பெரும்பாலும் இவ்விரு கரைகளுக்கும் இடையே நடந்த வழக்கேயாகும்.

தாய்மொழியில் ஒரு குரல்

பாலத்தைக் கடந்து பழைய நகரத் தெருக்களிற் சிறிது நடந்தால், ஆடம்பரம் யாதுமற்ற ஒரு பெருங்கூடம் எதிர்ப்படும். பெத்லகேம் ஆலயம் என்பது அதன் பெயர். இறைவழிபாடு இலத்தீனில் நடைபெற்ற அக்காலத்தில், மக்களின் மொழியாகிய செக் மொழியிற் பிரசங்கம் செய்தற்கென்றே 1391-ல் அது நிறுவப்பட்டது. சுமார் 3,000 பேர் கூடி நிற்கத்தக்க அக்கூடத்தில் 1402 முதல் பிரசங்கியாக விளங்கியவர் ஜான் ஹஸ். நான்காம் சார்லஸ் 1348-ல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்து, பின்னர் அதன் தலைவராகவும் உயர்ந்தவர் அவர்.

குருமாரின் பேராசையை அவர் கண்டித்தார். பணம் பெற்றுக்கொண்டு பாவமன்னிப்புச் சீட்டு வழங்குவது தகாது என்று 1412-ல் வெளிப்படையாக மறுத்தார். அவர் செய்த தொண்டு இவ்வளவோடு நிற்கவில்லை. செக் மொழியின் ஒலிகளை இலத்தீன் எழுத்துகளால் எழுதும்போது, ஓர் ஒலிக்குப் பல எழுத்துகளைச் சேர்த்தெழுதும் குழப்பம் இருந்துவந்தது. நாம் மெய்யெழுத்தின் தலையிற் புள்ளி வைப்பது போல, எழுத்தின்மேல் ஒரு குறியிட்டு ஒலி வேற்றுமையைக் காட்டும் முறையை வகுத்த நூலொன்று அவருடையதென்றே பெரும்பாலோரால் கருதப்படுகின்றது. அப்புள்ளி பின்னாளிற் சிறு கொக்கி வடிவம் பெற்றது. இன்று பிராக் நகரத்துக் கடைப் பலகைகளில் எழுத்துகளின்மேற் காணும் கொக்கிகள் அவ்வழி வந்தவையே. எழுத்தைத் திருத்தினால் மொழி அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் அப்பலகைகளை ஒருமுறை ஊன்றிப் பார்ப்பாராக!

ஹஸ்ஸைக் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய மதச்சபை விசாரணைக்கு அழைத்தது. சிகிஸ்மண்டு மன்னர் அளித்த பாதுகாப்புச் சீட்டை நம்பி 1414-ல் அவர் சென்றார். அச்சீட்டு அவரைக் காக்கவில்லை. தம் கொள்கையைக் கைவிட மறுத்தமையால் 1415 ஜூலை 6-ல் உயிரோடு எரிக்கப்பட்டார். அவருடைய சாம்பலும் ரைன் ஆற்றில் எறியப்பட்டது. ஆயினும், அவர் வழி நின்றோர் பொஹீமியாவின்மீது படையெடுத்து வந்த சிலுவைப் படைகளை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றனர். ஒருவரை எரித்து ஒரு கருத்தை ஒழிக்கவியலாது என்பதை ஐரோப்பா அங்கே கண்டது.

சன்னலும் சிலுவைகளும்

இனிப் பாலத்தை மறுபடியும் கடந்து கோட்டைக்குச் செல்வோம். அங்கே ஓர் அறையின் சன்னலைப் பயணிகளுக்குக் காட்டுவர். 1609-ல் பேரரசர் இரண்டாம் ருடால்ப் அளித்த சமய உரிமைப் பத்திரம் மீறப்பட்டது கண்டு சினந்த புராட்டஸ்டண்டுப் பிரபுக்கள், 1618 மே 23-ல் பேரரசின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்தம் செயலாளரையும் அச்சன்னல் வழியே வெளியே எறிந்தனர். மூவரும் உயிர் பிழைத்தனர். தேவமாதா தாங்கினாள் என்றனர் ஒரு சாரார். குப்பைமேடு தாங்கிற்று என்றனர் மறுசாரார்! அவ்வாறு மூண்ட முப்பதாண்டு யுத்தம் ஓய்ந்தது 1648-ல்.

1620 நவம்பர் 8-ல் நகருக்கு வெளியேயுள்ள வெண்மலையில் பிரபுக்களின் படை தோற்றது. அதன் விளைவைக் காணப் பழைய நகரச் சதுக்கத்திற்கு வரவேண்டும். அங்கே நகர மண்டபத்தின் சுவரில் 1410-ல் அமைந்த வானநூற் கடிகாரம் இருக்கின்றது. மணி அடிக்குந்தோறும் அப்போஸ்தலர் உருவங்கள் வரிசையாய் வருதலையும் எலும்புக்கூடு மணியசைத்தலையும் காணக் கூட்டம் நெருங்கி நிற்கும். இத்தகைய கடிகாரத்தை வேறெங்கும் செய்யாதிருக்கும் பொருட்டு அதன் சிற்பியின் கண்களை நகரசபையார் குருடாக்கினர் என்றொரு கதையும் வழங்குகின்றது. அது வெறுங்கதை. அதனை முதலிற் செய்தவர் காடான் ஊர் மிக்குலாஸ் என்று ஆராய்ச்சியாளர் பின்னர்த் தெளிந்துள்ளனர்.

பொய்யான கொடுமைக்கு இரங்கி அண்ணாந்து நிற்கும் அக்கூட்டத்திற்குச் சில அடி தூரத்திலேயே மெய்யான கொடுமையின் அடையாளம் தரையிற் கிடக்கின்றது. அவை நடைபாதைக் கற்களிற் பதித்த 27 வெண் சிலுவைகள். 1621 ஜூன் 21-ல் அவ்விடத்தில் 27 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பல்கலைக்கழகத் தலைவரும் மருத்துவ அறிஞருமான ஜான் ஜெஸ்ஸேனியஸின் நாவை முதலில் அறுத்துப் பின்னரே தலையைத் துணித்தனர். பன்னிருவர் தலைகள் பாலத்துக் கோபுரத்திற் பத்தாண்டுகள் தொங்கவிடப்பட்டன. மாண்டோர் ஒரே இனத்தாரல்லர். செக் மொழியாளரும் ஜெர்மன் மொழியாளரும் அவர்களுள் இருந்தனர். கத்தோலிக்கர் ஒருவரும் இருந்தார்.

1627-ல் கத்தோலிக்க மதமொன்றே அநுமதிக்கப்படும் எனச் சட்டம் வந்தது. கல்வியறிஞர் கொமேனியஸ் 1628-ல் நாடு விட்டகன்று, 1670-ல் ஆம்ஸ்டர்டாமில் உயிர்நீத்தார். செக் மொழி நாளடைவில் அரசாங்கத்தினின்றும் உயர்கல்வியினின்றும் விலகி, கிராமத்தாரிடமும் ஏழைகளிடமும் ஒதுங்கி வாழ்ந்தது. பெத்லகேம் ஆலயமும் 1786-ல் இடிக்கப்பட்டது.

மக்கள் கட்டிய மண்டபம்

மாண்டதென்று பலர் எண்ணிய மொழி மீண்டதற்குச் சான்று ஆற்றங்கரையிலுள்ள தேசிய நாடக மண்டபம். மக்களிடம் திரட்டிய பொருளால் 1868-ல் அதற்கு அடிக்கல் இடப்பட்டது. 1881 ஜூன் மாதம் திறக்கப்பெற்ற மண்டபம் ஆகஸ்டில் தீக்கிரையாயிற்று. மக்கள் மனந்தளரவில்லை, 47 நாட்களில் பத்து லட்சம் கில்டர் சேர்ந்தது. 1883 நவம்பரில் மண்டபம் மறுபடி திறந்தது. நாட்டினம் தனக்குத்தானே அளித்துக்கொண்டது என்னும் பொருள்பட மேடையின் மேலே பொறித்துள்ளனர்.

1915-ல், ஹஸ் மாண்ட ஐந்நூறாம் ஆண்டில், அவருடைய பெருஞ்சிலை சதுக்கத்தில் எழுந்தது. ஆஸ்திரிய அரசு விழாவிற்கு இடந்தரவில்லை. மக்கள் மலர்களால் சிலையை மூடினர். 1918-ல் நாடு விடுதலை பெற்றது.

இவ்வளவோடு முடித்தால் நாம் வரலாற்றிற்கு நீதி செய்தவராகோம். விடுதலை பெற்ற சில நாட்களிலேயே ஒரு கூட்டம் அச்சதுக்கத்திலிருந்த மாதா தூணைக் கயிறிட்டு வீழ்த்தியது. 2020-ல் அது மீண்டும் நிறுவப்பட்டது. யூதர் பகுதியிலுள்ள பிங்காஸ் ஆலயச் சுவர்களிலோ, நாஜிகளால் மாண்ட சுமார் 78,000 யூதரின் பெயர்கள் வரிவரியாக எழுதப்பட்டுள்ளன. அந்த யுத்தம் முடிந்தபின், பல நூற்றாண்டுகள் அங்கு வாழ்ந்த ஜெர்மன் மொழியாளரும் வெளியேற்றப்பட்டனர். பெத்லகேம் ஆலயத்தை எஞ்சிய பழஞ்சுவர்களோடு இணைத்து 1950-க்குப் பின் புதுப்பித்த பொதுவுடைமை அரசு, ஹஸ்ஸின் கூடத்தைத் திருப்பித் தந்தது. அவர் கேட்ட பேச்சுரிமையைத் தரவில்லை. அதற்கு மக்கள் 1989 வரை காத்திருந்தனர். ஹஸ்ஸின் கொடிய மரணத்திற்குப் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் வருத்தந் தெரிவித்தது 1999-ல். அதற்குள் 584 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

தமக்கு மறுக்கப்பட்ட உரிமையைப் பெற்றோர், அதனைப் பிறர்க்கும் அளித்தனரா என்னும் கேள்வியே பிராக் நகரம் காண வருவோர்முன் வைக்கும் கேள்வி. அங்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள் முதலில் தலைகுனிந்து அந்த 27 சிலுவைகளைக் காண்பாராக. கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்பது அதன் பின்னர் ஆகட்டும்.