மீன் குழம்பிலிருந்து மாத்திரை டப்பாவுக்கு - குடம்புளி போன வழி

கார்சீனியா கம்போஜியா. பெயரைக் கேட்டால் ஏதோ அமேசான் காட்டு மூலிகை மாதிரி இருக்கிறது இல்லையா? உடம்பு இளைக்க என்று விற்கும் டப்பாக்களில் பார்த்திருப்பீர்கள். அது வேறொன்றுமில்லை, நம்ம குடம்புளிதான். கேரளாவிலும் கன்னியாகுமரிப் பக்கமும் மீன் குழம்பில் போடுவார்களே, கறுப்பாக, சுருங்கிப்போன தோல் மாதிரி, அதேதான். (பள்ளிக்கூட வாசலில் விற்கும் கொடுக்காப்புளி இல்லை. அது வேறு மரம், வேறு குடும்பம். நிறைய பேர் குழப்பிக் கொள்கிறார்கள்.)

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் மரம். பழம் குட்டிப் பூசணிக்காய் போல வரி வரியாக, பழுத்தால் மஞ்சளாக இருக்கும். மழைக்காலத்தில் பழுக்கிறது என்பதால் வெயிலை மட்டும் நம்ப முடியாது. கொட்டையை எடுத்துவிட்டு தோலைப் புகையில் போட்டுக் காய வைப்பார்கள். அந்தக் கறுப்பு அப்படி வந்ததுதான். இலங்கையில் இதற்கு கொரக்கா என்று பெயர். சிங்களவர்களின் அம்புல் தியல் என்ற புளிப்பு மீன் கறி ஃப்ரிட்ஜ் இல்லாமலேயே சில நாள் தாங்கும் என்றால் காரணம் இந்தப் புளிதான். ஒரு காலத்தில் மேற்குக் கடற்கரையில் மீனை உப்போடும் இந்தப் புளியோடும் பீப்பாயில் ஊற வைத்து கொழும்புக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அந்த முறைக்கே 'கொழும்புப் பதம்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் பெயர் இருந்தது. ஆக, இதன் முதல் வியாபாரம் உடம்பு இளைப்பதற்காக அல்ல, மீன் கெடாமல் இருப்பதற்காக!

எழுத்தில் இது பதிவானது 1678-ல். கொச்சியில் டச்சுக்காரர்களின் அதிகாரியாக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் உட்பட உள்ளூர்க்காரர்களின் உதவியோடு தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' நூலின் முதல் தொகுதியில், மலையாளப் பெயரோடும் படத்தோடும் இருக்கிறது. அப்புறம் வந்த லின்னேயஸ்தான் குழப்பினார். கம்போடியாப் பக்கமிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு மஞ்சள் சாயப் பிசின் போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்டின் பெயரே அந்தச் சாயத்துக்கும் ஆகியிருந்தது. அந்தப் பிசின் இந்த மரத்திலிருந்துதான் வருகிறது என்று நினைத்து, பெயரை இதன் தலையில் கட்டிவிட்டார். உண்மையில் அது இதே இனத்தைச் சேர்ந்த வேறு மரம். இன்று டப்பாவில் மின்னும் 'கம்போஜியா' ஒரு பழைய தப்புக் கணக்கின் மிச்சம்.

சரி, சமையலறையிலிருந்து இது எப்படி மாத்திரைக்குப் போனது?

1965-ல் லூயிஸ், நீலகண்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதில் இருக்கும் முக்கியமான அமிலம் எது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதுவரை டார்டாரிக் அமிலம், சிட்ரிக் அமிலம் என்றுதான் நினைத்திருந்தார்கள். இல்லை, இது ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்றார்கள் இவர்கள். நான்கு வருஷம் கழித்து, 1969-ல், அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் லோவன்ஸ்டீன் குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள். சாப்பிட்ட மாவுச்சத்தில் மிஞ்சியதை உடம்பு கொழுப்பாக மாற்றும்போது நடுவில் ஒரு என்ஸைம் வேலை செய்கிறது. இந்த அமிலம் அந்த என்ஸைமைப் பூட்டிவிடுகிறது. 70-களில் ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனி ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் குறைவாகச் சாப்பிட்டன, கொழுப்பு உற்பத்தியும் குறைந்தது.

எலிக்குச் சரி. மனிதனுக்கு? இங்கேதான் எனக்கு விஷயமே இருக்கிறது. எலியின் உடம்பு மாவுச்சத்தைத் தாராளமாகக் கொழுப்பாக மாற்றும். மனித உடம்பு சாதாரணச் சாப்பாட்டில் அப்படி அதிகம் செய்வதில்லை. நம் தொப்பையில் சேருவது பெரும்பாலும் நாம் சாப்பிட்ட எண்ணெயும் நெய்யும்தான். மாவுச்சத்து எரிபொருளாகிவிடுவதால் அந்தக் கொழுப்பு எரியாமல் தங்கிவிடுகிறது. அதிகம் போக்குவரத்தே இல்லாத தெருவில் கேட் போட்டு என்ன பிரயோஜனம்? ரோஷ் கம்பெனியிலிருந்து இந்த அமிலம் மருந்தாகக் கடைக்கு வரவேயில்லை.

மருந்தாக வரவில்லை, ஆனால் 'உணவுத் துணைப்பொருள்' என்ற பெயரில் வந்தது. காமர்ஸ் படிப்பவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். அமெரிக்காவில் 1994-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன் வருஷம், தன் வீட்டுக்குள் துப்பாக்கியோடு போலீஸ் புகுந்து வைட்டமின் மாத்திரையைப் பறிமுதல் செய்வது போல நடிகர் மெல் கிப்ஸன் ஒரு டிவி விளம்பரத்தில் நடித்தார். அரசாங்கம் உங்கள் வைட்டமினைப் பிடுங்கப் போகிறது என்ற பிரசாரம். ஜனங்கள் மூட்டை மூட்டையாக எம்.பி.க்களுக்குக் கடிதம் போட்டார்கள். சட்டத்தை முன்னின்று கொண்டுவந்த செனட்டர் ஆரின் ஹாட்ச், இந்தக் கம்பெனிகள் நிறைந்த யூட்டா மாநிலத்துக்காரர். சட்டத்தின் சாரம் இதுதான்: இது வேலை செய்கிறது என்று விற்பவர் முன்கூட்டியே அரசிடம் நிரூபித்து அனுமதி வாங்க வேண்டாம். ஆபத்தானது என்றால் அதை அரசு நிரூபிக்கட்டும். லேபிளில் 'இந்தக் கூற்றை அரசு மதிப்பிடவில்லை' என்று பொடி எழுத்தில் போட்டால் போதும். நிரூபிக்கும் செலவு மொத்தமும் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறிவிட்டது பாருங்கள்! மருந்துக் கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் ஆகும் செலவு இவர்களுக்கு லாபக் கணக்கில் ஏறிவிடும்.

1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு சோதனை முடிவு வந்தது. 135 பேர், 12 வாரம். பாதிப் பேருக்கு தினம் 1500 மில்லிகிராம் இந்த அமிலம், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. எல்லோருக்கும் டயட் உண்டு. குடம்புளிக்காரர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ! (புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல, ஆகவே வெறும் மாத்திரை உசத்தி என்று கிளம்பிவிடாதீர்கள் :) ) 2011-ல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஏறக்குறைய 0.9 கிலோ வித்தியாசம் வந்தது. அதிலும் தரமான சோதனைகளை மட்டும் எடுத்தால் அதுவும் கரைந்துவிடுகிறது.

வியாபாரம் இதற்கெல்லாம் அசரவில்லை. 2012 வாக்கில் டாக்டர் ஆஸ் தன் டிவி நிகழ்ச்சியில் புகழ்ந்ததும் இணையம் முழுக்க இதே விளம்பரம்தான். 2014 ஜூனில் செனட் விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டு, அவர் நிகழ்ச்சியில் பேசியதை அவருக்கே வாசித்துக் காட்டினார் செனட்டர் மெக்காஸ்கில். நான் எந்த பிராண்டையும் விற்கவில்லை என்றார் அவர். அது உண்மையாகவே இருக்கலாம். அவர் முகத்தை வைத்து விற்றவர்கள் வேறு. அதே ஆஸ் 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை நடத்தும் அமைப்புக்குத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

பணம் போனால் போகட்டும் என்று விட முடியாததற்குக் காரணம் கல்லீரல். 2009 மே மாதம் ஹைட்ராக்ஸிகட் என்ற பிரபல இளைப்பு மாத்திரையைச் சாப்பிடாதீர்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. 23 தீவிரப் பாதிப்புப் புகார்கள், ஒரு மரணம். இறந்தவருக்கு வயது 19. அதாவது நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடிய வயது. மரணம் நடந்தது 2007-ல், நிர்வாகத்துக்குத் தகவல் போனது 2009-ல்! அந்த மாத்திரை வகைகள் பலவற்றில் குடம்புளிச் சாறு இருந்தது. ஆனால் கூடவே வேறு பல சாறுகளும் இருந்ததால் குற்றவாளி இதுதான் என்று அப்போது சொல்ல முடியவில்லை. 2022-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 22 பேரின் கல்லீரல் பாதிப்பைக் குடம்புளி மாத்திரைகளோடு தொடர்புபடுத்தினார்கள். பெரும்பாலோர் கிரீன் டீ சாறும் கலந்த மாத்திரை சாப்பிட்டவர்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்கள். உங்களுக்கு அது இருக்கிறதா என்று மாத்திரை டப்பா கேட்காது. 2025-ல் பிரான்ஸ் அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு, குடம்புளி கலந்த துணைப்பொருள்களைச் சாப்பிட வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

ஒரு வேடிக்கை. லோவன்ஸ்டீன் கண்ட அதே என்ஸைமைத் தடுக்கும் பெம்பெடோயிக் அமிலம் என்ற மருந்துக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முறையாக ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்த பிறகுதான். அது கொலஸ்ட்ராலைக் குறைக்க, எடையைக் குறைக்க அல்ல.

இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய் குழம்பில் குடம்புளி போடாதே என்று சொல்லிவிடாதீர்கள். காய்ந்த தோலில் அந்த அமிலம் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பங்கு வரை இருக்கும். குழம்பில் போடுவதோ மூன்று நான்கு துண்டு, அதையும் வீடே பங்கு போட்டுக்கொள்கிறது. கேப்சூலில் இருப்பது பிழிந்து செறிவாக்கிய சாறு, தினம் மூன்று வேளை, மாதக்கணக்கில், ஒரே ஆளுக்கு.

கருத்துகளைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.