கைமாறிய ஓபன் ஒபிஸும் அதன் முதல் வெளியீடும்

தவணைப் பரீட்சை வினாத்தாள்களை ஓபன் ஒபிஸில் அடித்துப் பழகியவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். காசு கொடுக்காமல், களவாகவும் இல்லாமல் பாவிக்கக் கிடைத்த மென்பொருள் அது. 2011 ஜனவரியில் 3.3 பதிப்பு வந்த பிறகு, அடுத்த முழுப் பதிப்புக்கு உலகம் பதினைந்து மாதங்களுக்கு மேல் காத்திருந்தது. ஏன் என்பது பலருக்குத் தெரியாது.

ஜேர்மனியில் உருவான ஸ்டார் ஒபிஸை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, 2000இல் அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2010இல் சன்னையே ஒராக்கிள் வாங்கியது. ஒராக்கிளை நம்பாத தன்னார்வலர்கள் பலர் அதே வருடம் செப்டெம்பரில் பிரிந்துபோய் லிப்ரே ஒபிஸைத் தொடங்கினார்கள். மிஞ்சியதை ஒராக்கிள் 2011 ஜூனில் அப்பாச்சி மென்பொருள் மன்றத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது.

பொருள் கைக்கு வந்துவிட்டது, உடனே வெளியிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். பள்ளிவாசலுக்கு ஒருவர் காணியை வக்பு செய்தால் நிர்வாகம் முதலில் மேசனைக் கூப்பிடுவதில்லை. உறுதியைத்தான் பார்க்கும். எல்லை எது, கிணறு பங்குக் கிணறா என்று விசாரிக்கும். அப்பாச்சியில் நடந்ததும் அதுதான். ஒராக்கிளால் தனக்கு உரிமையான நிரலை மட்டுமே கொடுக்க முடியும். உள்ளே மற்றவர்கள் எழுதிய பல துண்டுகளும் இருந்தன. அவற்றில் சில ஜி.பி.எல்., எல்.ஜி.பி.எல். உரிமத்தில் வந்தவை. மாற்றி வெளியிடுபவர் அந்தத் துண்டை அதே நிபந்தனையோடுதான் வெளியிட வேண்டும் என்பது அந்த உரிமங்களின் அடிப்படை. அப்பாச்சி தன் வெளியீட்டில் அவற்றைச் சேர்ப்பதில்லை. தன்னிடமிருந்து எடுப்பவர் அப்படியான கட்டு எதுவுமின்றி எடுக்கலாம் என்பது அதன் கொள்கை.

ஆகவே முதல் வெளியீட்டுத் திட்டத்தில் புதுமைகளை விட, கழற்றுவதும் மாற்றுவதுமே பெரிய வேலையாகின. எஸ்.வி.ஜி. படங்களைத் திறக்கும் பகுதியைப் புதிதாக எழுதினார்கள். பழைய வேர்ட்பேர்பெக்ட் கோப்புகளைத் திறக்கும் வசதியைக் கைவிட்டார்கள். அந்தக் கோப்புகளை வைத்திருந்தவர்களுக்கு அது நட்டம்தான். உரிமம் சுத்தமானது என்பது அவர்களுக்கு என்ன ஆறுதல்? ஒராக்கிளின் காலத்தில் 3.4 பரீட்சார்த்தப் பதிப்பு வரை வந்திருந்ததால், அதே இலக்கத்தையே இலக்காக வைத்தார்கள். அதைப் புத்திசாலித்தனம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

இடையில் 3.3இல் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. பெரிய வெளியீட்டுக்குக் காத்திராமல் 2012 மார்ச்சில் அதற்கு மட்டும் ஒரு ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்கள். வீடு கட்டி முடியும் வரை பழைய கூரையில் ஒழுக விட முடியாதே.

கடைசியில் வாக்கெடுப்பு. அப்பாச்சியில் பொறுப்பாளர் ஒருவர் தனியாக 'வெளியிடு' என்று சொல்ல முடியாது. குறைந்தது மூன்று உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும், வழக்கமாக 72 மணித்தியாலமாவது அவகாசம் கொடுப்பார்கள். அவர்கள் வாக்களிப்பதும் மூலநிரலுக்குத்தான். நாம் இறக்கி நிறுவும் கோப்பு, பாவனையாளரின் வசதிக்காகக் கூடவே வருவது.

2012 மே 8ஆம் திகதி 3.4 வெளிவந்தது. முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டது. ஆனால் அதற்குள் லினக்ஸ் விநியோகங்கள் பல லிப்ரே ஒபிஸுக்கு மாறிவிட்டிருந்தன. நிரல் எழுதுபவர்களில் பெரும்பகுதியினரும் அந்தப் பக்கம்தான் நின்றார்கள். இன்று பாடசாலைக் கணினியில் எதை நிறுவுவது என்று கேட்டால், நாங்களும் லிப்ரே ஒபிஸைத்தான் சொல்வோம்.